பதினேழு என்று சொன்ன குரல்

ஜனவரி 4

தங்கைக்கு,

போன் பண்ணாதே. நேற்று மட்டும் பதினோரு தடவை பண்ணியிருக்கிறாய். எடுத்தால் உன் குரல் கேட்கும். கேட்டால் நான் கத்துவேன். நான் கத்தினால் பக்கத்து அறையில் படுத்திருக்கிற என் பிள்ளை குண்டூசி தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் சொல்ல வேண்டியதை எழுது.

குழந்தையை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பனியில் விறைத்த இடது காலில் இரண்டு விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. வந்துவிடும் என்கிறார் டாக்டர். ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோங்கம்மா’ என்று சிரிக்கிறார். அவருக்கென்ன, அவர் பெற்ற பிள்ளையா?

எனக்கு ஒன்றே ஒன்றைச் சொல். இருபத்துநாலு சாரணிகளை விடுமுறை முகாமுக்கு மலைக்குக் கூட்டிப்போனாய். அந்த மௌன வேளையோ என்னவோ, அது முடிந்து நாலு மணிக்கு எண்ணிப் பார்த்ததில் இருபத்துநாலும் சரியாக இருந்தது என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறாய். என் மகள் அப்போது மேலே பனிமூட்டத்தில் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். பதினோரு வயது. இல்லாத பிள்ளையை எப்படியடி எண்ணினாய்?

என் டிப்போவில் நாற்பத்தொரு பஸ். சாயங்காலம் ஒவ்வொரு வண்டியும் உள்ளே வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரிஜிஸ்டரில் டிக் போடுவேன். ஹாரன் கேட்டது, லைட் தெரிந்தது என்பதெல்லாம் என்னிடம் செல்லாது. டிரைவர்கள் எனக்கு ‘டிக்கம்மா’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள். இரும்பு வண்டிக்கே நான் இப்படி.

அவள் அப்பாவின் வண்டி வராமல் போன அன்றும் நான் அதே ஜன்னலில்தான் நின்றேன். அன்றும் பனிமூட்டம்தான். மூன்று வருஷம் ஆகிவிட்டது. ரிஜிஸ்டரில் அந்த நாளின் பக்கத்தில் அவர் வண்டிக்கு நேராக இருக்கிற கட்டம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. இன்னொரு காலிக் கட்டத்தைப் பார்க்க என்னிடம் தெம்பில்லை. உனக்கு அது தெரியும். தெரிந்துதான் ‘என்னை நம்பி அனுப்புக்கா’ என்றாய்.

பதில் எழுது. வீட்டுப்பக்கம் வராதே.

அக்கா


ஜனவரி 8

அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தால் அந்த வார்த்தை என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வருஷத்திலேயே பகல் குறைவான நாளில் மௌன வேளை வைப்பது எங்கள் வழக்கம். மூன்றரையிலிருந்து நாலு மணிவரை. ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக ஒரு மரத்தடியில், ஒருத்தியை ஒருத்தி பார்க்காத தூரத்தில், ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கு ஒவ்வொரு சாமி, சில வீட்டில் சாமியே கிடையாது. அதனால் நாங்கள் பேரெதுவும் சொல்வதில்லை. ‘விடுமுறைன்னா தூங்கறதும் திங்கறதும் மட்டும் இல்ல. அரைமணி நேரம் சும்மா இருந்து பாருங்க. யாராவது ஒருத்தருக்காக வேண்டிக்குங்க’ என்று மட்டும் சொல்வேன். அதே அரைமணி நேரம் வீட்டில் குடும்பமும் உட்கார வேண்டும் என்று சீட்டு அனுப்பியிருந்தேன். உனக்கும் வந்திருக்கும்.

நாலு மணிக்கு விசில் அடித்தேன். வரிசையில் நின்றார்கள். நான் பேர் கூப்பிடுவதில்லை. முகாமுக்கு வந்த நாளே ஆளுக்கொரு எண். ஒன்று, இரண்டு என்று அவரவர் எண்ணை அவரவர் கத்த வேண்டும். குண்டூசி பதினேழு. பதினேழு என்று சத்தம் வந்தது, அக்கா. சத்தியமாக வந்தது. இருபத்துநாலுவரை தடங்கல் இல்லாமல் போனது. தங்கும் கட்டடத்துக்கு இறங்கினோம்.

உள்ளே எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து நோட்டு எழுதினார்கள். தினம் ஒரு நற்செயல் செய்து அதை அன்றன்றே எழுதிக் காட்ட வேண்டும். ஐந்து மணிக்கு நோட்டுகளை வாங்கித் திருத்த உட்கார்ந்தேன். பதினெட்டாம் எண் குண்டூசியின் தோழி வெண்கலம், உனக்குத் தெரிந்த பெண்தான். அவள் நோட்டில் இப்படி எழுதியிருந்தது: ‘இன்றைய நற்செயல். குண்டூசி இன்னும் ஐந்து நிமிடம் உட்கார ஆசைப்பட்டாள். அவளுக்காக நான் எண் சொன்னேன்.’

சிவப்புப் பேனா கையில் இருந்தது. அந்த வரியை இரண்டாம் தரம் படித்தேன். அப்புறம்தான் அறையைப் பார்த்தேன். கதவருகே இருபத்துமூன்று ஜோடி பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தன.

வெண்கலம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல காரியம் செய்தோம், பாராட்டு வரும் என்று. குண்டூசி பின்னாலேயே இறங்கி வந்துவிட்டாள் என்றே நினைத்திருக்கிறாள்.

மீதி உனக்குத் தெரியும். சாலையில் பனி அள்ளுகிற வண்டிக்காரர் ஏழு மணிக்கு மூன்று விசில் கேட்டு இன்ஜினை நிறுத்தினாராம். குழந்தை நான் சொல்லிக்கொடுத்ததை விடாமல் செய்திருக்கிறாள். வழி தவறினால் நகராதே, மரத்தைப் பிடித்துக்கொள், மூன்று மூன்றாக ஊது. அவளைத் தூக்கும்போது விசில் உதட்டில் ஒட்டியிருந்தது.

தங்கை


ஜனவரி 13

அடியே,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. துடைக்கத் தோன்றவில்லை.

வெண்கலம் எங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் விளையாட வந்திருக்கிறாள்! அவள் வாசலில் ‘குண்டூசீ’ என்று கூப்பிட்டால் எதிர் வீட்டு நாய் எழுந்து நிற்கும். அவள் பேசினால் வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரி இருக்கும் என்று அந்தப் பேரை வைத்ததே நீதான். என் மகளுக்கோ, பக்கத்தில் நின்றால்தான் குரல் கேட்கும்.

சொல். பதினேழு என்று அந்தத் தொண்டை கத்தியபோது அது யார் தொண்டை என்று உனக்குத் தெரியவில்லையா?

பதில் சொல்கிறவரை இதையும் கேட்டுக்கொள். குண்டூசி துணி அலமாரிக்குள் போய் உட்காருகிறாள். கதவைச் சாத்திக்கொள்கிறாள். முதல் நாள் வீடு முழுக்கத் தேடி, மாடிப்படியில் விழுந்து, கடைசியில் அலமாரியைத் திறந்தால், சட்டைகளுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ‘என்னடி பண்றே?’ என்றால் ‘பாக்கி இருக்கும்மா’ என்கிறாள். என்ன பாக்கி என்றால் வாயைத் திறப்பதில்லை. மேலே அந்தப் பனியில் என் பிள்ளைக்கு என்னதான் ஆயிற்று? அவள் அப்பா இருக்கிற இடத்துக்குப் போக நினைத்தாளா? அப்படி ஏதாவது அவள் மண்டையில் ஏற்றினாயா? இருந்தால் மறைக்காதே, சொல்லித் தொலை.

ராத்திரி நாலைந்து தடவை எழுந்து அவள் மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வருகிறது. அப்புறமும் தூக்கம் வருவதில்லை.

அக்கா


ஜனவரி 18

அக்காவுக்கு,

தெரிந்தது.

போலீஸில் சொல்லவில்லை, சாரணர் மாவட்டத் தலைமையிடம் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். பதினேழு என்றதும் அது வெண்கலம் என்று தெரிந்துவிட்டது. அடுத்த நொடியே அதே குரல் பதினெட்டு என்றது. பனிமூட்டத்தில் பத்தாவது முகத்துக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. நாலடி நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

ஏன் என்று இந்த ஒரு மாதமாக என்னையே கேட்கிறேன். மாவட்டத் தலைவர் பக்கத்தில் கையில் கடிகாரத்தோடு நின்றார். ‘பரவாயில்லையே, ஒரு நிமிஷத்துல எண்ணி முடிச்சிட்டீங்களே!’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெருமை ஒன்று. அக்கா மகளுக்கு மட்டும் தனிச் சலுகை என்று மற்ற அம்மாக்கள் முன்பே முணுமுணுத்திருந்தார்கள்; அவளுக்காக வரிசையை நிறுத்தினால் மறுபடி பேசுவார்கள் என்ற பயம் ஒன்று. குழந்தைக்குத் தொண்டை கட்டியிருக்கும், தோழி சொல்லியிருப்பாள் என்று எனக்கு நானே ஒரு பொய் சொல்லிக்கொண்டேன். இவ்வளவும் ஒரு நொடியில். எனக்குக் குளிராகவும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் அப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உன் மேல் ஆணை.

ஸ்கார்ஃபையும் விசிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி எந்தப் பிள்ளையையும் எங்கேயும் கூட்டிப் போக மாட்டேன். வெண்கலம் பேச்சையே நிறுத்திவிட்டாள் என்று அவள் அம்மா சொன்னார். வகுப்பில் பேர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாளாம். அந்தக் குழந்தை தப்பு செய்யவில்லை, அக்கா. அது நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தது.

தங்கை


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

ஜனவரிக்குப் பிறகு இது நாலாவது கடிதம். பதில் வேண்டாம். விரல்களுக்கு உணர்ச்சி வந்ததா என்று மட்டும் ஒரு அட்டையில் ஆம், இல்லை என்று எழுதிப் போடு.

தங்கை


ஏப்ரல் 6

ஒன்றுக்கு வந்துவிட்டது. இன்னொன்றுக்கு இல்லை.


நவம்பர் 20

தங்கைக்கு,

பத்து மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் போன பிறகும் புத்தி வரவில்லை, பயம்தான் வந்தது. ஆத்திரம் இருந்தவரைக்கும் பயம் தெரியாமல் இருந்தது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். குண்டூசி குளிர்கால முகாமுக்கான படிவத்தைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் வேறு. கிழித்துப் போட எடுத்தேன். அவள் அழவில்லை. ‘பாதியில நிறுத்திட்டேம்மா’ என்றாள்.

‘என்னடி பாதி? அன்னைக்கு அஞ்சு நிமிஷம் கூடக் கேட்டியே, எதுக்கு? இன்னைக்காவது சொல்லு.’

‘யாராவது ஒருத்தருக்காக வேண்டிக்கச் சொன்னாங்க சித்தி. நான் உனக்காக வேண்டிக்கிட்டேன்.’

‘எனக்கு என்னன்னு?’

‘உன் பயம் போகணும்னு. அப்பா போனதுலேருந்து ராத்திரி மூக்குகிட்ட விரல் வச்சுப் பாக்குறியே, எனக்குத் தெரியும். தூங்குற மாதிரி நடிப்பேன். அரைமணி நேரம் வேண்டியும் ஒண்ணும் ஆகல. இன்னும் அஞ்சு நிமிஷம் இருந்தா ஆகும்னு தோணிச்சு.’

தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் பயத்தைப் போக்கத்தான் என் பிள்ளை அந்தப் பனியில் உட்கார்ந்திருக்கிறாள். அலமாரிக்குள் உட்கார்ந்து பாக்கி தீர்த்ததும் அதைத்தான். நானோ உன்னை உலுக்கு உலுக்கென்று உலுக்கினேன்.

நீ அனுப்பிய அந்தச் சீட்டு. குடும்பமும் அதே நேரத்தில் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்ததே, அதைப் படித்துவிட்டு டிப்போ குப்பைக்கூடையில் போட்டேன். ‘வேலையத்தவ வேதாந்தம்’ என்று கண்டக்டரிடம் சிரித்தேன். அவள் எனக்காக உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரத்தில் டயர் பஞ்சருக்காக ஒரு மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெண்கலம் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பாள். மணியடிக்க மாட்டாள். அரைமணி நின்றுவிட்டுப் போய்விடுவாள். நான் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன், திறக்க மாட்டேன். என் நெஞ்சு அப்படி. ஒரு ஞாயிறு குண்டூசியே நொண்டிக்கொண்டு போய்த் திறந்தாள். இப்போது வருகிறாள். மெதுவாகத்தான் பேசுகிறாள். எதிர் வீட்டு நாய் தூங்குகிறது.

புதுச் சாரணத் தலைவியைப் போய்ப் பார்த்தேன். ‘கவலையே படாதீங்க, நான் பார்த்துக்கறேன்’ என்று பல் தெரியச் சிரித்தாள். கவலைப்படாதவள் கையில் என் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன். இந்த ஊரிலேயே அந்த மலையை நினைத்தால் அதிகமாக நடுங்குகிறவள் யார் என்று யோசித்தேன். ஒன்று நான். இன்னொன்று நீ. எனக்கு மலை ஏறத் தெரியாது, விசில் ஊதத் தெரியாது.

நீ போனால் கையெழுத்துப் போடுகிறேன். படிவத்தை இரண்டு தடவை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். இருந்தாலும் போடுகிறேன்.

அக்கா


நவம்பர் 27

அக்காவுக்கு,

முடியாது என்று ஒரு பக்கம் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். அப்புறம் நேற்று மாவட்டத் தலைமைக்குப் போனேன். எண்ணும்போது பதினேழாம் குரல் யாருடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதை அங்கே சொன்னேன். இந்தப் பதினோரு மாதமும் அது நெஞ்சில் முள்ளாக நின்றது. தலைவர் நான் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார். அப்புறம், ‘தலைவியா அனுப்ப முடியாது. புதுத் தலைவிக்குக் கீழ உதவிக்குப் போறீங்களா?’ என்றார். சரி என்றேன்.

நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். எண்ணுகிற வேலையை எனக்குக் கொடுங்கள் என்று.

உன் டிப்போ மாதிரிதான் எண்ணப் போகிறேன். நிற்கிற இடத்தில் நின்று கேட்க மாட்டேன். வரிசையோடு நடந்து ஒவ்வொரு தலையிலும் கை வைப்பேன். கைக்குக் கீழே தலை இருந்தால்தான் எண். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். இரண்டிரண்டு பேராகப் பார்வைக்குள் உட்கார வைக்கிறேன். குண்டூசியும் வெண்கலமும் ஒரு ஜோடி. பனிமூட்டம் இறங்கினால் மௌன வேளையைக் கட்டடத்தின் வராந்தாவிலேயே வைத்துக்கொள்வோம்.

நேற்று பஜாரில் ஒரு குழந்தை விசில் ஊதியது. கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டேன்.

உனக்கு இரண்டு நிபந்தனை. அன்று மூன்றரைக்கு நீயும் உட்கார வேண்டும். டிப்போவிலோ வீட்டிலோ, எங்கேயாவது. எண்ணும்போது உனக்குப் போன் பண்ணுவேன். ஒரு வருஷமாக நீ என் போனை எடுத்ததில்லை. அன்றைக்கு எடுக்க வேண்டும்.

தங்கை


டிசம்பர் 21

தங்கைக்கு,

மணி மூன்று இருபத்தைந்து. டிப்போ ஜன்னலருகே உட்கார்ந்து எழுதுகிறேன். காலையிலிருந்து மூன்று தடவை வானத்தைப் பார்க்க வெளியே போனேன். இங்கே தெளிவாக இருக்கிறது. அங்கே எப்படியோ. கண்டக்டரிடம், ‘அரைமணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடாதீங்க, பஸ் தீப்பிடிச்சாலும் கூப்பிடாதீங்க’ என்று சொல்லியிருக்கிறேன். ‘டிக்கம்மாவுக்கு என்னாச்சு?’ என்று வெளியே குசுகுசுவென்று பேசுகிறார்கள்.

மூன்றரை. பேனாவை வைக்கிறேன்.

மூன்று நாற்பது. உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். கண்ணை மூடினால் காலிக் கட்டம் தெரிகிறது. அவர் வண்டியின் எண் தெரிகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, எனக்கு வெளிச்சமும் பேயாகத்தான் இருக்கிறது. இந்நேரம் பனி இறங்கியிருக்குமோ? நீ வராந்தாவுக்குக் கூட்டிவந்திருப்பாயா? அந்தப் புதுத் தலைவி உன்னைப் பேச விட்டிருப்பாளா? எழுந்து ஓடி முதல் பஸ்ஸைப் பிடித்து மலைக்கு வந்துவிடலாம் போலிருக்கிறது. நாலாம் நம்பர் வண்டி வாசலில்தான் நிற்கிறது. சாவி என் மேஜையில்.

யாராவது ஒருவருக்காக வேண்டிக்கொள் என்றாய். எனக்கு வேண்டத் தெரியாது. அவள் மூச்சு வரட்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் வேண்டுதல்தானோ என்னவோ.

மூன்று ஐம்பத்தைந்து. பயம் போகவில்லை. ஒரு துளிகூடப் போகவில்லை. ஆனால் சாவியை எடுக்கவில்லை. நாற்காலியிலேயே இருக்கிறேன். வெண்கலத்துக்காகவும் ஒரு வார்த்தை சொன்னேன். கேட்டில் நிற்க வைத்ததற்கு. உனக்காகவும்.

நாலு. போன் வரவில்லை.

நாலு ஐந்து.

நாலு ஏழு. ஒரு நிமிஷத்தில் எண்ண மாட்டேன் என்று நீதானே எழுதினாய், எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

அடிக்கிறது.


மறுபடி எழுதுகிறேன். மணி நாலரை.

எடுத்தேன். நீ ‘அக்கா’ என்றுகூடச் சொல்லவில்லை. உன் நடை மட்டும் கேட்டது, பூட்ஸுக்கு அடியில் பனி நொறுங்குகிற சத்தம். அப்புறம் ஒரு பெண்ணின் குரல், ‘ஒண்ணு.’ நீ நின்று, இன்னும் ஓரடி. ‘ரெண்டு.’ நான் ரிஜிஸ்டரைத் திறந்து இன்றைய பக்கத்தின் ஓரத்தில் ஒன்றிலிருந்து இருபத்துநாலுவரை எழுதினேன். பத்து. பதினைந்து. பதினாறு என்ற பெண்ணுக்குச் சளி. அதற்கப்புறம் ஒரு இடைவெளி விட்டாயே, எதற்கடி விட்டாய்? செத்துப் பிழைத்தேன்.

‘பதினேழு.’

பக்கத்தில் நின்றால்தான் கேட்கும் குரல். மலையிலிருந்து கேட்டது.

அடுத்தது போனைக் காதிலிருந்து தள்ளி வைக்க வைத்தது. ‘பதினெட்டு!’ டிப்போவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எவ்வளவு நாள் ஆயிற்று அந்தத் தொண்டையைக் கேட்டு! கண்டக்டர், ‘யாரும்மா அது, ஹாரனா?’ என்றார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

இருபத்துநாலுவரை கேட்டேன். அப்புறம் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் ஹாரன் சத்தத்துக்கு நான் டிக் போட்டதில்லை. இன்றைக்குக் கண்ணால் பார்க்காமல் இருபத்துநாலு டிக் போட்டேன்.

பயம் அப்படியேதான் இருக்கிறது. குண்டூசி கேட்டால் பொய் சொல்லாதே, அம்மாவுக்குப் பயம் போகலையாம், ஆனா உக்காந்திருந்தாளாம் என்று சொல். முகாம் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வா. மணியடிக்க வேண்டாம், கதவு திறந்தே இருக்கும்.

அக்கா